மறுநாள் பார்த்தால் இல்லாத புழு

அம்மா வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியிலிருந்து ஒரு பை நிறைய வேஸ்ட் காஸ் துணி கொண்டுவரச் சொன்னேன். ராஜபாளையத்தில் இது பெரிய காரியமில்லை. வண்டி துடைக்க, இட்லித் தட்டில் விரிக்க, நாய்க்குட்டியின் காலில் கட்ட என்று எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அந்த வெள்ளை வலைத்துணி கிடக்கும். எதற்கு என்று அம்மா கேட்டாள். சொன்னேன்.

"ஏட்டி, தலையில தொப்பி, கையில உறை, ஒரு முடி விழுந்திரக்கூடாதுன்னு பாத்துப் பாத்து மடிக்கிறோம். நீ அதுல போயி பீய வடிக்கப் போறியா?"

"வேஸ்ட்டுதானம்மா."

"வேஸ்ட்டா இருந்தா? அதுக்கும் ஒரு மானம் இருக்குல்ல."

சொல்லிவிட்டு மறுநாளே இரண்டு பை கொண்டுவந்தாள். எம். எஸ்ஸி. வரை படிக்கவைத்த மகள் கடைசியில் இந்த வேலைக்கு வந்து நிற்கிறாளே என்ற சங்கடத்தை அவள் எப்போதும் இப்படித்தான், திட்டிக்கொண்டே ஒத்தாசை செய்து, தீர்த்துக்கொள்வாள்.

அந்தத் துணி ஏன் தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முந்தைய மாதங்களின் எரிச்சல் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

படித்தது மைக்ரோபயாலஜி. கிடைத்தது ஒரு சுகாதாரத் திட்டத்தில் தற்காலிக வேலை. ஆபீஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில். மலைக்குள் இருக்கும் பளியர் பழங்குடிக் குடியிருப்புகளில் யார் யார் வயிற்றில் என்ன புழு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சேர்ந்த அன்று தரையில் கால் பாவவில்லை எனக்கு. நூறு தடவை பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்த முட்டைகளை உயிரோடு பார்க்கப் போகிறோம் என்ற குஷி.

நாங்கள் முதலில் போன குடியிருப்புக்கு, பஸ் நின்றுவிடும் இடத்திலிருந்து மாந்தோப்புகளைத் தாண்டி, செக்போஸ்ட்டில் அனுமதிக் காகிதத்தைக் காட்டி, வனத்துறைப் பாதையில் ஜீப் போகும்வரை போய், அதற்கப்புறம் ஓடையோரமாக ஏற வேண்டும். கீழே ராஜபாளையத்தில் தார் உருகிக்கொண்டிருக்கும்போது அங்கே சட்டை ஈரமாக ஒட்டும். மேலே மரங்கள் ஒன்றோடொன்று தலையை முட்டிக்கொண்டு நிற்பதால் மண் எந்த மாதமும் காய்வதில்லை. இலை மக்கி, கறுத்து, மெத்தென்று இருக்கும். எனக்குப் பார்த்த உடனே தோன்றியது கொக்கிப்புழுதான். அதன் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து, ஈரத்தில் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத குட்டியாகி, வெறுங்காலோடு நடக்கிறவர்களின் பாதத் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். குடலைக் கவ்விப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும். அந்த மண்ணைவிட அதற்குத் தோதான இடம் வேறு கிடையாது.

அந்தக் குடியிருப்பில்தான் ஒரு சிறுமி இருந்தாள். ஏழாம் வகுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். கோ-கோ விளையாட்டில் அவளைத் தொட ஆளே இல்லை என்றார்கள். நான் பார்த்தபோது வீட்டு வாசலில் உட்கார்ந்து சுவரை நகத்தால் பெயர்த்து, அந்த மண்ணை வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். காகிதம் போல வெளுத்திருந்தது. மைதானத்தில் மயங்கி விழுந்திருக்கிறாள், ஒரு தடவை இல்லை, பல தடவை. ஹாஸ்டலில் பயந்துபோய் அனுப்பிவிட்டார்கள். ரத்தம் ஏறிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பள்ளி திறக்கும்போது சேர்த்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

"படிக்கணும்னு அம்புட்டு ஆசையா?" என்று கேட்டேன்.

"படிக்கவா?" என்று சிரித்தாள். "மாவட்ட டீமுக்கு எடுக்கப் போறாங்கக்கா. எனக்குப் பதிலு இப்ப அந்த நெட்டச்சி ஓடுதா. அவளுக்குத் திரும்பவே தெரியாது."

சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். இளம் வயது, தூக்கம் கெட்ட கண். "புள்ளைக்குப் பூச்சி மாத்திரை குடுக்காம இருப்பேனாம்மா? குடுத்தேன். இரும்புச்சத்தும் குடுத்தேன். கொஞ்ச நாள் நல்லா இருந்தா. பொறவு திரும்ப வெளுத்துட்டா. அவ ஒருத்தி மட்டும் தின்னு என்ன செய்ய? மண்ணு பூராம் புழு கெடக்கே. ஊரே ஒண்ணா மாத்திரை திங்கணும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குன்னா வருசா வருசம் வருது. பெரியாளுகளுக்குச் சேர்த்து வாங்கணும்னா, இங்க கொக்கிப்புழு இருக்குன்னு ரிப்போர்ட் இருக்கணும். அத நீங்கதான தரணும்?"

தந்துவிடுவேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் டப்பா கொடுத்தோம். வெள்ளை டப்பா, திருகு மூடி, உள்ளே குட்டிக் கரண்டி. காலையில் கொஞ்சம் போட்டு வையுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். மறுநாள் வரிசையாக வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தோம். ஆபீஸில் மைக்ராஸ்கோப் பார்ப்பவர் மூத்த டெக்னீஷியன் ஒருவர், பொறுமைசாலி. உறை மாட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் டப்பாவைத் திறந்தார். பிறகு மெல்ல முகத்தை டப்பா பக்கம் திருப்பினார்.

"என்னம்மா இது, மணக்குது?"

தேன். நல்ல மலைத்தேன், விளிம்புவரை. அடுத்ததிலும் தேன். இன்னொன்றில் உப்பு. பாதிக்கு மேல் டப்பாக்களில் என்னென்னவோ இருந்தன, நாங்கள் கேட்டது மட்டும் இல்லை. மறுபடி மலையேறிப் போய், ஏன் இப்படி என்று கேட்டதற்கு அந்தச் சிறுமியின் அம்மா என்னையே திருப்பித் திட்டினாள்.

"எறும்பு ஏறாத டப்பா. காத்து போகாத மூடி. அதுல போயி அத வைக்கச் சொல்றியே, உனக்கு மனசாட்சி இருக்கா? வந்த புள்ளைக்கு ஏதாச்சும் குடுத்து விடுவோமேன்னு தேன ஊத்திக் குடுத்தோம். ஆக்கங்கெட்டதக் கேக்குது பாரு டப்பாக்காரி."

அன்றிலிருந்து அங்கே என் பெயர் டப்பாக்காரி.

ஒரு வழியாகச் சிலர் ஒப்புக்கொண்டு கொடுத்தார்கள். இங்கேதான் அடுத்த கூத்து. ஆபீஸுக்கு டப்பாக்களைக் கொண்டுவரக் கூடாது என்று எங்கள் பொறுப்பாளர் உத்தரவு போட்டுவிட்டார். மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், கீழே வக்கீல் ஆபீஸ், நாற்றம் என்று புகார். அதனால் மலையிலேயே ஸ்லைடு போட்டு, ஸ்லைடை மட்டும் கொண்டுவர வேண்டும். மலத்தைச் சிறிது கண்ணாடியில் வைத்து, கிளிசரினில் ஊறிய மெல்லிய கண்ணாடித்தாளை மேலே போட்டு அமுக்குவோம். கிளிசரின் அழுக்கையெல்லாம் தெளியவைத்துவிடும், முட்டைகள் மட்டும் தெரியும். நல்ல முறைதான். ஆனால் கொக்கிப்புழு முட்டைக்குத் தோல் மிக மெல்லிசு. அழுக்கைத் தெளியவைக்கிற கிளிசரின் கொஞ்ச நேரத்தில் அதையும் தெளியவைத்து, இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடும். உருளைப்புழு முட்டையும் சாட்டைப்புழு முட்டையும் கெட்டித் தோல். அடுத்த நாளும் உட்கார்ந்திருக்கும். கொக்கிப்புழு முட்டையைப் போட்ட சூட்டோடு பார்க்க வேண்டும்.

நாங்களோ காலையில் ஸ்லைடு போட்டு, ஜீப் டிரைவர் சாப்பிட்டு, பொறுப்பாளர் குடியிருப்பில் போட்டோ எடுத்து, வழியில் இன்னொரு கிராமத்துக் கூட்டத்தில் தலையைக் காட்டி, சாயங்காலம் ஊர் வந்து சேர்ந்து, ஸ்லைடுகளை அலமாரியில் வைத்துப் பூட்டி, மறுநாள் டீ குடித்த பிறகு பார்த்தோம்.

ரிசல்ட் வந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக உருளைப்புழு. கொக்கிப்புழு இல்லை. ஒருவருக்கும் இல்லை.

நான் டெக்னீஷியனிடம் போய் நின்றேன். "அண்ணே, இதெல்லாம் நேத்தே பாத்திருக்கணும். அந்த முட்டை மறைஞ்சு போயிரும்."

"எங்கம்மா போகும்? மேல தாள் ஒட்டிருக்கு. ஸ்லைடு பூட்டுன அலமாரியில இருக்கு. சாவி என்கிட்ட இருக்கு."

"ஓடிப்போகாதுண்ணே. கரைஞ்ச மாதிரி ஆயிரும்."

"முப்பது வருசமா மைக்ராஸ்கோப் பாக்கேன். இருந்தா இருக்கும், இல்லைன்னா இல்லை."

பொறுப்பாளரிடம் போனேன். கல்லூரியில் எழுதிய குறிப்பு, புத்தகத்தின் அந்தப் பக்கம், எல்லாம் கையில். அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே, "நீ சொல்றது கரெக்டா இருக்கலாம்மா. ஆனா இதுதான் நமக்குக் குடுத்திருக்கிற முறை. நாம மாத்த முடியாது" என்றார். அப்படியானால் மைக்ராஸ்கோப்பை மலைக்குக் கொண்டுபோகலாமே என்றேன். அது கரண்டில் எரிவது, மலையில் கரண்ட் இல்லை, அதுவும் போக ஆபீஸ் சாமான் ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது. ரத்தசோகைக்குக் காரணம் சரியான சாப்பாடு இல்லாதது என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார், எனக்கு ஆறுதலாக.

பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற அம்மாள், பரீட்சையில் பெயிலா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

அந்தக் கோபத்தோடுதான் மறுபடி தனியாக மலையேறினேன். கோடை மழை தொடங்கியிருந்தது. பள்ளி திறக்க அதிக நாளில்லை. மறுபடி ஒரு தடவை சாம்பிள் எடுத்து, நானே பைக்கில் பறந்து போய்ப் பார்த்துவிடலாம் என்பது என் கணக்கு. முந்தின தடவை அந்தச் சிறுமி வீட்டில் சாம்பிள் தரவே இல்லை. இப்போதும் அவள் அம்மா முடியாது என்றாள்.

"இது என் மகளுக்காகத்தான கேக்கே? எனக்குத் தெரியுது. ஆனா இங்கருந்து எதையும் எடுத்துக்கிட்டுப் போகாத. மூத்தவளுக்கு ஒரு தடவ ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. போனது போனதுதான். அந்த ரத்தம் என்னாச்சு, அதுல என்ன இருந்துச்சு, ஒருத்தரு திரும்பி வந்து சொல்லலையே. எங்க உடம்புல இருந்தது எங்கயோ கெடக்கு. உனக்குன்னா எப்படி இருக்கும்?"

"பின்ன எப்படி நான் பாக்க?"

"ஏன், இங்க கண்ணு தெரியாதா உனக்கு? இங்கயே வச்சுப் பாரு. என் கண்ணு முன்னால பாரு. பாத்துட்டு இங்கயே பொதச்சிரு."

அவளுக்குக் கிளிசரினும் தெரியாது, முட்டைத் தோலும் தெரியாது. அவளுக்கு வேண்டியது வேறு. ஆனால் அவள் கேட்டதும் எனக்குத் தேவைப்பட்டதும் ஒரே இடத்தில் வந்து நின்றன. பைக் கணக்கு அங்கேயே செத்தது. இறங்கி வரும்போது பாதிப் பாதையை ஓடியே வந்தேன்.

நான் படித்த கல்லூரியில், யாரும் தொடாத அலமாரியில், பழைய மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. பல்பு கிடையாது, அடியில் வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கும், அது வெளிச்சத்தை மேலே திருப்பும். எங்கள் பேராசிரியை ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். முறையும் மாற்றினேன். கிளிசரின் வேண்டாம். மலத்தைக் கெட்டி உப்புத் தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, சின்னக் குப்பியில் விளிம்புவரை ஊற்றி, குப்பியின் வாய்மேல் ஒரு ஸ்லைடை வைத்தால் போதும். உப்புத் தண்ணீரில் கொக்கிப்புழு முட்டை மிதந்து மேலே வந்து ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளும். கல்லுப்பு எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்தது. வடிகட்டத்தான் அம்மாவின் காஸ் துணி.

மைக்ராஸ்கோப்பை அதே துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். செக்போஸ்ட்டில், "இது என்னம்மா, தையல் மெஷினா?" என்று கேட்டார்கள்.

மேலே போனால் வெளிச்சம் இல்லை. இதை நான் யோசிக்கவே இல்லை. மரங்களின் கூரைக்குக் கீழே பகலிலும் மங்கல். போதாததற்கு மேகம் வேறு. சிறுமியின் சாம்பிளைக் கலக்கிய குப்பி தயார், ஸ்லைடு தயார், உப்பிலும் முட்டை வெகுநேரம் காத்திருக்காது, நான் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வெயிலைத் தேடி ஓடுகிறேன். பின்னால் குடியிருப்பே சிரித்துக்கொண்டு வருகிறது.

"ஏய் டப்பாக்காரி, அந்தா அந்தப் பக்கம் வெயிலு!"

"அய்யோ, போயிருச்சு. இங்கிட்டு வா, இங்கிட்டு வா!"

ஓடையில் ஒரு பெரிய பாறைமேல் மட்டும் வானம் திறந்திருந்தது. அங்கே வைத்தேன். நேர் வெயிலைக் கண்ணாடியில் பிடித்தால் கண் போய்விடும். காஸ் துணியை நாலாக மடித்துப் பாறையில் விரித்து, அதில் பட்ட வெயிலைக் கண்ணாடியில் வாங்கினேன். குழாய்க்குள் வெள்ளை வட்டம் தெரிந்தது. மேகம் மூடியது. காத்திருந்தோம். திறந்தது. மூடியது. நான் வாய்விட்டு மேகத்தைத் திட்டினேன். சிறுமி பாறை ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, அவ்வளவு தூரம் நடந்த களைப்பில் கண்ணை மூடியிருந்தாள்.

மறுபடி வெயில் வந்தபோது பார்த்தேன். முட்டை வடிவில், கண்ணாடி போல மெல்லிய ஓடு. உள்ளே நாலு உருண்டை. ஒன்றில்லை, பார்க்கிற இடமெல்லாம். பாடப்புத்தகத்தில் கூட அவ்வளவு தெளிவாக இல்லை. முதலில் அவள் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் ஒரு கண்ணை மூடத் தெரியாமல், கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"இது பூராம் இவ வயித்துல இருந்ததா?"

"இது முட்டை. இத விட்ட புழு உள்ள தொங்கிக்கிட்டு ரத்தம் குடிக்குது."

அவள் நிமிரவே இல்லை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, வீட்டுக்குப் போய்த் தன்னுடைய டப்பாவோடு திரும்பி வந்தாள். அதற்கப்புறம் நான் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அவரவர் முட்டையை அவரவர் பார்க்க வேண்டும் என்று வரிசை.

"உனக்கு எம்புட்டு?"

"உன்னைவிடக் கம்மிதான், போ."

"நல்லா பாரு தாயி, என்கூடச் சண்டை போடுதானே அவனுக்குத்தான் கூட இருக்கும்."

எல்லாருக்கும் இருந்தது. கைப்பேசியைக் கண்ணாடிக் குழாயில் வைத்துப் படம் எடுத்தேன். வெயில் பாறையை விட்டுப் போகும்வரை பார்த்தோம். பிறகு ஓடைக்குத் தள்ளி, எல்லாரும் பார்க்க, ஆழமாகக் குழி தோண்டி மிச்சத்தைப் புதைத்தோம். அவள் அம்மா மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள்.

ஆபீஸில் படங்களைக் காட்டினேன். டெக்னீஷியன் ஃபோனைக் கையில் வாங்கி, பெரிதாக்கிப் பார்த்தார். "கொக்கிப்புழுதாம்மா" என்றார். பொறுப்பாளரும் பார்த்தார். நல்ல படம் என்றார். ஆனால் ஆபீஸ் கருவியில் எடுத்ததல்ல, ஆபீஸ் முறையில் போட்டதல்ல, ஆகவே கணக்கில் வராது. வேண்டுமானால் முறைப்படி மறுபடி ஸ்லைடு போட்டுக் கொண்டுவரலாம். கொண்டுவந்து? மறுநாள் பார்க்கலாம். நான் கத்தினேன். இளவயது, துடிப்பு இருக்கத்தான் செய்யும், இந்தத் துடிப்பை அடுத்த திட்டத்தில் காட்டு என்றார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

டாக்டர் ஒருவர்தான் படத்தைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ரிப்போர்ட் வராதா? சரி, என் பேர்ல எழுதுறேன். கேட்டா நான் பாத்துக்கிடுதேன்." எங்கெங்கோ பேசி மாத்திரை சேர்த்தார். அவரே ஏறி வந்தார், பாதி வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து. வீடு வீடாக அவர் கண் முன்னால் எல்லாரும் மென்று விழுங்கினார்கள். "கூடுனமட்டும் எல்லாரும் குழி தோண்டி வெளிக்கு இருங்க, செருப்புப் போடுங்க" என்று சொல்லி, யாரிடமோ கேட்டு வாங்கிய ரப்பர் செருப்புகளையும் கொடுத்தார். இறங்கும்போது என்னிடம் சொன்னார்: "இந்தத் தடவை முடிஞ்சுதும்மா. ஆறு மாசத்துல திரும்பக் குடுக்கணும். அப்ப நான் இங்க இருப்பேனான்னு தெரியாது. அதுக்குத்தான் ரிப்போர்ட் வேணும்னேன்."

பள்ளி திறந்தபோது அவளுக்கு ரத்தம் பாதிதான் ஏறியிருந்தது. இடத்தைச் சில வாரம் வைத்திருக்கச் சொல்லி டாக்டர் ஹாஸ்டலுக்குப் பேசினார். ஆடி பிறந்த பிறகு கீழிமையில் சிவப்பு தெரிந்தது. எழுதிக் கொடுத்தார். அவள் போய்விட்டாள்.

எங்கள் திட்டத்தின் ரிப்போர்ட்டும் அந்த மாதமே அச்சாகி வந்தது. வழவழ காகிதம், அட்டையில் அந்தக் குடியிருப்பின் போட்டோ. உள்ளே, கொக்கிப்புழு: இல்லை. எங்கள் ஆபீஸில் இருந்த பிரதி ஒவ்வொன்றிலும் பேனாவால் அடித்து 'இருக்கு' என்று எழுதினேன். அதற்குள் பெட்டி பெட்டியாக வெளியே போயிருந்தது.

போன வாரம் அவளைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பள்ளி மைதானத்துக்குப் போனேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கோ-கோ நடந்துகொண்டிருந்தது. அந்த நெட்டச்சி துரத்த, இவள் குனிந்து, வளைந்து, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து, மறுபக்கம் போய் நின்று சிரித்தாள். மூச்சு வாங்கவில்லை. எனக்கு அந்த ஒன்றே போதும் போலத்தான் இருந்தது, அவள் காலைப் பார்க்கும்வரை.

கோட்டுக்கு வெளியே டாக்டர் கொடுத்த நீலச் செருப்பு ஜோடியாக, ஒழுங்காக, கழற்றி வைக்கப்பட்டிருந்தது. வெறுங்காலோடு ஈர மண்ணில் ஓடுகிறாள். மைதானச் சுவரோரம் நாலைந்து பையன்கள் வெளிக்குக் குத்தவைத்து எழுந்துபோன இடம் தெரிந்தது.

"ஏட்டி, செருப்பு!" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நெட்டச்சியின் கைக்குத் தப்பி ஓடிக்கொண்டே கத்தினாள்.

"செருப்புப் போட்டா எப்படிக்கா ஓட?"

செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அவள் ஆட்டம் முடியட்டும் என்று கோட்டோரத்தில் நின்றேன்.